லக்சா குண்டானும் நான்கு விரல் இடைவெளியும்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 2, சனிக்கிழமை. மழை பெய்து வெகு நாளாகியிருந்தது. காலை வெயிலுக்கே மலேசியாவின் கோலகங்சார் நகரத்துத் தார்ச்சாலைகள் சுட்டன; பேராக் ஆற்றின் மேல் காற்று அசையவில்லை. அன்று, ஆற்றங்கரைச் சாலையின் வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது, ரொஹாயு ஓட்டிவந்த வெள்ளை மைவி காரின் பின்புறத்தில் இருந்த பெரிய குண்டான் கவிழ்ந்து, லக்சா என்னும் நூடுல்ஸ் உணவுக்கான மீன் குழம்பில் பாதிக்குமேல் கொட்டிவிட்டது.

"ஆயு! நிறுத்து லா! குழம்பு போச்சு!" என்று கத்தினார், முன்னிருக்கையில் அமர்ந்திருந்த கணவர் ஜுனைடி.

"எவ்வளவு போச்சு?"

"எவ்வளவா? பிரேக்க அமுக்குன பாரு, அத்தனையும் முன்னாடி வந்துருச்சு. என் செருப்பு நீந்துது!"

ரொஹாயு வண்டியை ஓரமாக நிறுத்தினார். கவிழ்ந்த குண்டானை நிமிர்த்துவதற்கு முன்பாக அவர் குனிந்து பார்த்தது பின்சக்கரத்தை. வண்டியின் உடல் சக்கரத்தின் மேல் அமர்ந்துவிட்டதைப் போல இருந்தது. குழம்பை விட்டுவிட்டு அவர் சக்கரத்தைப் பார்ப்பதைக் கண்ட ஜுனைடியின் முகம் எப்படி மாறியது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ரொஹாயுவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அரசு பல் மருத்துவமனையில் செவிலியர்; ஊரார் வழக்கில் 'மிஸி'. பிள்ளைகளின் வாயைத் திறக்கவைப்பதில் அவருக்கு நிகர் அவரே என்று எங்கள் குடியிருப்பில் எல்லாரும் ஒப்புக்கொள்வர். தோட்டப்புறப் பள்ளிகளுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவ வண்டியின் ஓட்டுநர் ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட, செம்மண் பாதையில் அந்தப் பெரிய வண்டியைத் தாமே ஓட்டிச்சென்று, ஒரு கண்ணாடிக் குப்பிகூட உடையாமல் திரும்பியவர். கார் ஓட்டுவதில் தமக்குள்ள ருசியை அவர் அன்றுதான் அறிந்தார். பின்னர், விளையாட்டரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளைச் சுற்றி ஓட்டும் போட்டி ஒன்றில், எந்த மாற்றமும் செய்யாத குடும்பக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். பெரிய பெரிய சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு வந்திருந்த ஆண்கள் சிலரைப் பின்னுக்குத் தள்ளினார். ருசி பழக்கமாயிற்று.

அந்தப் பழக்கத்தினால்தான், முந்தின டிசம்பரில், காரின் சுருள்வில்களையும் அதிர்வைத் தாங்கும் அப்சார்பர்களையும் கழற்றிவிட்டு, உயரத்தையும் இறுக்கத்தையும் திருகி மாற்றக்கூடிய புதிய தொகுதி ஒன்றைப் பூட்டினார். வீட்டில் இருந்தது ஒரே கார். காலையில் குழம்பும் மாவும் அதில்தான் ஜுனைடியின் ஆற்றங்கரை லக்சா கடைக்குப் போயாக வேண்டும். ஆகவே ஜுனைடி ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: குழம்பு கொட்டினால் பழைய ஸ்பிரிங் திரும்பிவிட வேண்டும், பந்தயமும் அத்துடன் முடிந்துவிட வேண்டும். ரொஹாயு மகிழ்ச்சியோடு சம்மதித்திருந்தார்.

"சொன்ன சொல்லு சொல்லுதான் ஆயு," என்றார் ஜுனைடி, செருப்பை உதறிக்கொண்டே.

"நான் மாட்டேன்னு சொன்னேனா? பட்டற மொதலாளி தவுக்கே மத்தியானத்தோட கடைய பூட்டிட்டு சொந்த ஊரு பெந்தோங்குக்குப் போறாரு. சீனப் பெருநாள் முடிஞ்சுதான் வருவாரு. அதுவரைக்கும் எப்படிக் கழட்டுறது?"

"நானே கழட்டுவேன்."

"ஸ்பேனர் எங்க இருக்குன்னு சொல்லுங்க அபாங், பாப்போம்."

ஜுனைடி மீண்டும் செருப்பை உதறினார். ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

அடுத்த சில நாள்கள் எங்கள் குடியிருப்பில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. எத்தனை முறை கழுவியும் அந்தக் காரிலிருந்து மீன் வாடை போகவில்லை. ரொஹாயு வண்டியை எங்கே நிறுத்தினாலும் பூனைகள் கூடின. மருத்துவமனை வாசலிலும் மூன்று பூனைகள் அவரது பணி முடியும்வரை காத்திருந்தன. "மிஸி, உங்க நோயாளிங்க வெளிய வரிசையில நிக்கிறாங்க," என்று பல் பிடுங்க வந்தவர்களே கேலி செய்தனர்.

ஜுனைடியோ, இன்னொரு முறை ஏமாறத் தயாராக இல்லை. நாள்தோறும் காலையில் பின்னிருக்கையின் ஒரு பாதியை மடித்து, குண்டானை அங்கே வைத்து, மறுபாதியில் தாம் அமர்ந்து, அதை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தார். அணைத்துக்கொண்டு வந்ததோடு வாயையும் மூடவில்லை.

"பள்ளம் வருது, மெதுவா. ம்... பரவால்ல. ஏதோ கப்பல்ல போற மாதிரி இருக்கு. ஆனா சக்கரம் எங்கயோ உரசுது ஆயு, சத்தம் கேக்குதா?"

"கேக்குது. குதிக்குதா?"

"குதிக்கல. உரசுது."

பிற்பகலில் குண்டான் காலியான பிறகு அதே சாலையில் திரும்புவர். அப்போது ஜுனைடியின் தலை கூரையில் இடிக்கும்.

"யா அல்லா! காலையில ஒழுங்காத்தானே போச்சு! இப்ப என்ன இது, குதிர மாதிரி?"

ரொஹாயு வேகத்தைக் குறைத்தார். "அபாங், இன்னொரு தடவ சொல்லுங்க. காலையில குதிக்கலையா?"

"குண்டான் இருந்தா குதிக்கல. குண்டான் இல்லன்னா என் கழுத்து ஒடியுது. இதுக்கு மேல எப்படி சொல்றது?"

அன்று மாலை ரொஹாயு காருக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புரிந்தது இதுதான். தாம் வாங்கிய ஸ்பிரிங் மிகவும் கடினமானது. நிறைந்த குண்டானின் எடையும் ஏறினால்தான் அது அசைந்தே கொடுக்கிறது. பந்தயத்திலோ காரில் அவர் ஒருவர் மட்டுமே இருப்பார். இன்னொன்று: காரைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டதால், எடை ஏறியதும் சக்கரம் மேலே எழும்ப இடமின்றி உடலில் உரசுகிறது. காலியாக இருந்தால் கடினம், நிறைந்திருந்தால் நெருக்கம். எந்த வேளையிலும் சரியில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தம் கையாலேயே பூட்டிக்கொண்டிருக்கிறார்.

அதை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கும் காரணம் உண்டு. எங்கள் ஊர் மைவிக்காரர்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் பாலத்தடித் தேநீர்க் கடையில் கூடுவர். அவர்களுக்குத் தலைவர் போன்றவர் பட்ருல், மின்வாரியத்தில் வேலை. புதிதாக ஏதேனும் ஒரு கார் வந்து நின்றால் அவர் எழுந்துபோய், சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பார்ப்பார். இரண்டு விரல் மட்டும் நுழைந்தால் கைதட்டல். மூன்று நுழைந்தால் முணுமுணுப்பு. நான்கு நுழைந்தால், "இது மாட்டு வண்டியா? வீட்ல மாடு எத்தன இருக்கு?" என்ற கேள்வி. காரை எதற்காக வைத்திருக்கிறீர் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. ரொஹாயுவும் பட்ருலின் காரில் இருந்த அதே தொகுதியை வாங்கி, அதே இரண்டு விரலுக்கு இறக்கி, கைதட்டலையும் பெற்றிருந்தார்.

சீனப் பெருநாள் முடிந்து தவுக்கே யிப் வெங் ஹோங் பட்டறையைத் திறந்தபோது, வாசல் முழுவதும் வெடித்த பட்டாசின் சிவப்புத் தாள்கள் கிடந்தன. ரொஹாயு அவற்றின் மேலேயே காரை ஏற்றி நிறுத்தினார். பக்கத்தில் ஜுனைடி, தீர்ப்பு நிறைவேறுவதைக் கண்ணால் காண வந்திருந்தார்.

"என்னா மிஸி, வண்டியில மீன் வளக்குறீங்களா?" என்றார் வெங் ஹோங், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"தவுக்கே, இந்த செட்டு எனக்கு ஒத்து வராதுன்னு அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? பட்ருல் போட்டத போடுன்னு சொன்னீங்க. போட்டேன். பட்ருல் வருஷத்துக்கு ஒரு தடவ சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போறான். அங்க ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். நீங்க எங்க ஓட்டுறீங்க?"

"பத்து காஜா பக்கம், அந்தப் பழைய ஈயச் சுரங்கக் குட்டய மூடி மேல போட்ட ரோட்டுல."

"அது ரோடு இல்ல லா. அடியில சேறு. வருஷா வருஷம் ஒரு பக்கம் எறங்கும். தோச மாதிரி ஓட்ட ஓட்டயா இருக்கும்."

"அதான் சொல்றேன். அங்க இந்த ஸ்பிரிங் போனா சக்கரம் தரையில நிக்காது, பறக்கும்."

ஜுனைடி குறுக்கிட்டார். "பறக்க வேணாம், உரச வேணாம். பழச மாட்டுங்க தவுக்கே. கத முடிஞ்சிரும்."

ரொஹாயு கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அபாங், ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க. அடுத்த பந்தயத்துல உங்களுக்கும் கட போட எடம் குடுத்திருக்காங்கல்ல? குழம்ப இதே வண்டியில கொண்டு போவோம். ஒரு சொட்டு சிந்துனாலும் பழசு."

"அது மட்டும் போதாது," என்றார் ஜுனைடி. "குழம்புக்காக வண்டிய மெத்த மாதிரி ஆக்கிட்டு, அப்பறம் கடைசியா வந்து மூஞ்சத் தூக்கி வச்சுக்குவ. வீட்ல நான்தான் பாக்கணும் அந்த மூஞ்சிய. குழம்பும் சிந்தக்கூடாது, உன் பிரிவுல முதல் மூணுக்குள்ளயும் வரணும். ரெண்டுல ஒண்ணு தவறுனாலும் பழைய ஸ்பிரிங்கு, பந்தயமும் கெடையாது."

"சரி."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

வேலை அன்றே தொடங்கியது. முன்புறத்துக் கடின ஸ்பிரிங்குகளைக் கழற்றி, அதே அப்சார்பர்களில் மென்மையானவற்றைப் பொருத்தினர். பின்புறத்துக்கு வெங் ஹோங் வேறு வகை ஒன்றை எடுத்து வந்தார். அதன் சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருந்தன. எடை குறைவாக இருந்தால் அது எளிதில் அமுங்கும்; குண்டான் ஏறினால் நெருக்கமான சுருள்கள் ஒன்றோடொன்று படிந்து, எஞ்சியவை விறைத்துக்கொள்ளும். திருப்பங்களில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த இரும்புத் தண்டு ஒன்றையும் வெங் ஹோங் காட்டினார். "இப்ப வேணாம் தவுக்கே. ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்துனா, எது நல்லது பண்ணுச்சுன்னு எனக்கே தெரியாது. மொதல்ல நல்ல டயரு," என்றார் ரொஹாயு. கடைசியில் காரின் உயரத்தை ஏற்றினர். ஏற்றியபின் ரொஹாயு தாமே குனிந்து விரல்களை நுழைத்துப் பார்த்தார். நான்கும் தாராளமாக நுழைந்தன.

"வெள்ளிக்கெழம டீக்கடைக்குப் போகாதீங்க மிஸி," என்றார் வெங் ஹோங்.

அவர் போனார். பட்ருல் எழுந்து வந்து விரல்களை நுழைத்தார். பிறகு முழங்கையையும் நுழைப்பதைப் போல நடித்தார்.

"ஆயு அக்கா, ஆத்துல வெள்ளம் வரப்போவுதா? யாரும் சொல்லலையே!"

"வந்தா உன் வண்டிதான் மொதல்ல மெதக்கும் தம்பி. அடியிலதான் ஓட்டையே இல்லையே, தேஞ்சு வழவழன்னு இருக்கு."

கூட்டம் சிரித்தது. ஆயினும் அன்று அவருக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார் என்று ஜுனைடி பின்னர் கூறினார்.

அப்சார்பரின் தலையில் ஒரு சிறிய குமிழ் உண்டு. அதை வலப்புறம் திருகினால் இறுகும். இடப்புறம் திருகினால் இளகும். பின்வந்த வாரங்களில், காலையில் குண்டான் ஏறியதும் பின்குமிழ்களை இறுக்குவதும், பிற்பகலில் காலியானதும் இளக்குவதும் ரொஹாயுவின் வழக்கமாயின. ஜுனைடி சில நாள்களில் முன்னிருக்கைக்குத் திரும்பினார். பிறகு, குண்டானைத் திரும்பிப் பார்ப்பதையும் மறந்தார். பூனைகள்கூட ஒவ்வொன்றாக வேறு வேலை தேடிப் போய்விட்டன.

பந்தயம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்துக்காக அதிகாலையில் இரண்டு குண்டான்களை ஏற்றி, குமிழ்களை நன்றாக இறுக்கி, கணவனும் மனைவியும் பத்து காஜாவை நோக்கிப் புறப்பட்டனர். திடலில் இறங்கியதும் ஜுனைடி முதல் வேலையாக மூடியைக் கட்டியிருந்த துணியைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

"ஒண்ணு முடிஞ்சது," என்றார். குரலில் இலேசான ஏமாற்றமும் இருந்ததைப் போலத் தோன்றியது.

கடை விரித்த சிறிது நேரத்திலேயே வரிசை நீண்டுவிட்டது. பந்தயம் ஓட்ட வந்தவர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் காலை உணவு வேறு எங்கும் இல்லை. தலைக்கவசத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரொஹாயு கிண்ணங்களில் லக்சாவைப் போட்டு, எலுமிச்சை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அவரது பெயர் இரண்டாம் முறை ஒலித்தபோதுதான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டம். இரண்டில் எது விரைவானதோ அதுவே கணக்கு. ரொஹாயு முதல் இரண்டு திருப்பங்களை அழகாகக் கடந்தார். மூன்றாவது திருப்பத்தின் நடுவே நிலம் அமுங்கிய பள்ளம் ஒன்று உண்டு. அதில் இறங்கியதும் காரின் பின்பகுதி துள்ளியது. துள்ளிய வேகத்தில் வெளிப்பக்கமாக வழுக்கியது. அவர் ஸ்டீரிங்கைத் திருப்பும் முன்பே கார் முழுவதும் சுழன்று, கூம்புகளைச் சிதறடித்து, லக்சா கடையைப் பார்த்தபடி நின்றது.

கரண்டியும் கையுமாக நின்ற ஜுனைடி கத்தினார்: "இங்க ஏன் வர்ற? குழம்பு இன்னும் இருக்கு! நீ அந்தப் பக்கம் போ!"

திடல் முழுவதும் சிரித்தது. ரொஹாயு சிரிக்கவில்லை.

அடுத்து பட்ருல் ஓட்டினார். அதே பள்ளத்தில் அவரது கார் வயிற்றால் தரையைத் தேய்த்து, பொறி பறக்க, சக்கரம் உரசும் ஓசையோடு வெளியேறியது. ஆயினும் சுழலவில்லை. அவர் நேராக ரொஹாயுவிடம் வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உயரந்தான் பிரச்சன. நேரம் இருக்கு, ஸ்பேனர் என்கிட்ட இருக்கு. ரெண்டு விரலுக்கு எறக்குவோம். வண்டி தரையப் புடிச்சுக்கும்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். ரொஹாயு ஸ்பேனரைக் கையில் வாங்கியும் விட்டார். சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டவர், பாதியில் கையை நிறுத்தினார்.

"தம்பி, இதே உயரத்துல போன வாரம் முழுக்க மேட்டுலயும் பள்ளத்துலயும் ஓட்டுனேன். ஒரு தடவகூட பின்னாடி வழுக்கல. இன்னைக்கு மட்டும் ஏன்?"

"இன்னைக்கு வேகம் ஜாஸ்தி."

"வேகம் இல்ல. வேற என்னமோ." எழுந்துபோய் காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. குண்டான் நின்ற வட்டத் தடம் மட்டும் இருந்தது. ரொஹாயு தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, குண்டான எறக்குனேன், குமிழ எளக்கல! லக்சா ஊத்தப் போயிட்டேன் லா!"

இரண்டு குமிழ்களையும் இடப்புறமாகத் திருகினார். வழக்கமான அளவுக்கு வந்தபின், பள்ளத்தை நினைத்துக்கொண்டு, ஒரு சொடுக்கு கூடுதலாக இளக்கினார். ஸ்பேனரைப் பட்ருலிடம் திருப்பிக் கொடுத்தார். "இத நீ வச்சுக்க. உன் வண்டிய ஏத்தறதுக்கு ஆகும்."

இரண்டாவது ஓட்டத்தைப் பார்க்க ஜுனைடி கடையை விட்டு வந்துவிட்டார். வரிசையில் நின்றவர்களும், பந்தயம் பார்க்கப் போயிருந்த நானும் கிண்ணத்தோடு அவர் பின்னால் சென்றோம். மூன்றாவது திருப்பத்தில் மைவி பள்ளத்தில் இறங்கியது. உடல் ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழுந்து, அவ்வளவோடு அடங்கியது. பின்சக்கரங்கள் தரையை விடவில்லை. ஜுனைடி தம்மையறியாமல் இரு கைகளாலும் எதையோ அணைத்துப் பிடித்திருந்ததை நான் கண்டேன்.

முடிவுகளை ஒட்டியபோது, அவரது பிரிவில் கோப்பெங்கிலிருந்து வந்த இளைஞர் முதலாவது, ரொஹாயு இரண்டாவது. பட்ருல் ஐந்தாவது. பட்ருல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிண்ணம் லக்சாவை அடுத்தடுத்து முடித்துவிட்டு, தம் காரின் கிழிந்த சக்கர உறையைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தார்.

ஜுனைடி குண்டான்களைக் கழுவி, துடைத்து, காரில் ஏற்றினார். பின்கதவை மூடும் முன் ஒருமுறை குனிந்து குமிழ்களைப் பார்த்தார். பின்பு மனைவியிடம் கேட்டார்.

"அடுத்த பந்தயம் எப்ப?"

"ஏப்ரல் கடைசி ஞாயிறு," என்றார் ரொஹாயு.